ரிப்பன் வெட்டாத பாலம்

சகோதர நாடுகளின் தடையிலாப் போக்குவரத்து, வணிக, முதலீட்டுப் பேரவை என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு டீ ஆறிப்போகும். பத்தொன்பது நாடுகள் அதில் உறுப்பினர். அதற்குக் கொடி உண்டு, கீதம் உண்டு, கீதத்தில் பிழை திருத்த ஒரு குழு உண்டு. சாலைதான் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையையும் வைப்பானேன் என்று நாட்டு எல்லையில் ஓடும் அராஸ் ஆற்றின் மேல் ஒரு பாலம் கட்டினார்கள். அந்தப் பாலத்தை நம்பி வண்டியில் சாவியைப் போட்ட ஒரே முட்டாள் நான்தான்.

என் பெயர் பைராம். அராஸுக்கு இக்கரையில், ஸரேயின் என்ற ஊரில் சொந்தமாக லாரி வைத்து ஓட்டுகிறேன். முட்டாள்தனத்தில் எனக்குக் கூட்டாளி என் மச்சான் ஐவாஸ், என் தங்கை மராலின் புருஷன். அறுபது பெட்டி தேனீ வைத்திருக்கிறான். வருஷா வருஷம் பூ எங்கே பூக்கிறதோ அங்கே பெட்டிகளை என் லாரியில் ஏற்றிக்கொண்டு போவோம். சாதுவான ஆள். தேனீயோடு பேசிப் பேசிக் குரலே தணிந்து போனவன். முத்திரை குத்திய காகிதத்தில் எது எழுதியிருந்தாலும் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வான். இந்த ஒரு குணத்துக்காகவே மரால் அவனைத் தினமும் இரண்டு வார்த்தை திட்டாமல் சோறு போடமாட்டாள்.

அந்த வருஷம் சபலான் மலையில் பனி பொய்த்துவிட்டது. பனி இல்லையென்றால் புல் இல்லை, புல் இல்லாத இடத்தில் பூவுக்கு எங்கே போவது? ஐவாஸ் பெட்டிகளுக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றிக்கொண்டிருந்தான். வீட்டில் டீக்கு வைத்திருந்த கட்டிச் சர்க்கரை வரைக்கும் கரைத்து ஊற்றியாகிவிட்டது. அராஸுக்கு அந்தப்புறம், கரையிலிருந்து இரண்டு மணி நேர ஏற்றத்தில், ஒரு பள்ளத்தாக்கு முழுக்கக் கவன் முட்செடி பூத்துக் கிடக்கிறது என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்களே, அந்த வருஷம் அது நிஜமாகவே பச்சையாக இருந்தது. கவன் பூ இரண்டு வாரம் தாங்கினால் அதிகம். அதற்குள் போய்ச் சேர்ந்தால் தேனீக்கள் பிழைக்கும். இல்லாவிட்டால் ஐவாஸ் வீட்டில் காலிப் பெட்டிகள்தான் மிஞ்சும். பழைய எல்லை வழியாகச் சுற்றிப் போக முழுநாள் ஆகும், பட்டினி கிடந்த தேனீ அதைத் தாங்காது.

இந்த நேரம் பார்த்துத்தான் பேரவை தன் வருடாந்தரக் கூட்டத்தை எங்கள் ஊரில் வைத்தது. எங்கள் ஊரில் வெந்நீர் ஊற்று உண்டு. பேரவையின் பெரிய முடிவுகள் எல்லாம் கழுத்தளவு வெந்நீரில் எடுக்கப்பட்டவை என்று ஓட்டல்காரன் சொல்வான். ஓட்டலில் காலைச் சாப்பாட்டுக்குத் தேன் கொடுக்கப் போன ஐவாஸ், வெந்நீர்க் குளத்தோரம் நின்று, அக்கரைக்கு வழி திறந்துவிட்டதா என்று யாரையோ கேட்டிருக்கிறான். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு வழுக்கைத் தலை திரும்பியது. அவர்தான் ஜலால் ஸாஹிப், பேரவையின் தனியார் துறை ஊக்குவிப்பு இயக்குநர்.

"நீங்க எந்த அமைச்சகம்?" என்று கேட்டார்.

"அமைச்சகமெல்லாம் இல்லீங்க. தேனீ வளக்கிறேன்."

"எந்த அரசுத் திட்டத்துல?"

"திட்டம் ஒண்ணும் இல்லீங்க. நானே வளக்கிறேன். என் பொண்டாட்டி வளையலை வித்துப் பெட்டி வாங்கினேன்."

ஜலால் ஸாஹிப் தண்ணீருக்குள் எழுந்து நின்றுவிட்டார். இடுப்புத் துண்டு மிதந்து போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை. "இங்க வாங்க எல்லாரும்," என்று மற்றவர்களைக் கூப்பிட்டார். "தனியார் முதலீட்டாளர் ஒருத்தர் கிடைச்சிருக்கார். உயிரோட இருக்கார்."

பத்தொன்பது நாட்டுப் பிரதிநிதிகளும் நீந்தி வந்து என் மச்சானைப் பார்த்தார்கள். ஒருவர் தொட்டுக்கூடப் பார்த்தார்.

"இருபத்திரண்டு வருஷமா தனியார் முதலீட்டை வரவேற்கிறோம் ஐயா," என்றார் ஜலால் ஸாஹிப், குரல் தழுதழுக்க. "வரவேற்புக் குழு போட்டோம். வரவேற்பு மண்டபம் கட்டினோம். மண்டபத்துக்குப் பராமரிப்பு நிதியும் ஒதுக்கிட்டோம். வர்றதுக்குத்தான் ஆள் இல்லாம இருந்துச்சு. உங்க லாரியே பாலத்துல முதல் லாரியாப் போகட்டும். தடையிலா வழித்தடம் இது. சக்கரம் ஒரு நிமிஷம் நின்னாலும் எங்க மானம் போயிடும்."

முத்திரை குத்திய அனுமதிக் காகிதத்தோடு ஐவாஸ் வீட்டுக்கு ஓடி வந்தான். மரால் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"பாலம் இதுல மட்டும் இருக்கா, ஆத்து மேலயும் இருக்கா?"

"ஆத்து மேலயும் இருக்கு. நானே கண்ணால பார்த்தேன்," என்றேன் நான்.

"அப்பப் போங்க. ஆனா ஒண்ணு, அண்ணே. இவரு யாரு என்ன சொன்னாலும் தலையாட்டுவாரு. நீயாவது கழுத்தை ஆட்டாம வை."

விடியற்காலைக் குளிரில் பெட்டிகளின் வாயை அடைத்து, வலை போட்டு ஏற்றினோம். வண்டி ஓடிக்கொண்டிருக்கிற வரை பெட்டிக்குள் காற்று போகும். நின்றால் சூடு ஏறும். சூடு ஏறினால் அடை உருகும், தேனீ செத்துவிடும். எட்டு மணிக்குப் பாலம், பத்து மணிக்குப் பள்ளத்தாக்கு என்பது எங்கள் கணக்கு.

எட்டு மணிக்குப் பாலத்துக்கு வந்தோம். பாலத்தின் வாயில் பந்தல், வாத்தியம், சாம்பிராணிப் புகை மாதிரி இஸ்பந்து விதைப் புகை. நடுரோட்டில் ஜலால் ஸாஹிப் இரண்டு கையையும் விரித்து நின்றார். நான் பிரேக்கை மிதித்தேன்.

"நிக்காம போற லாரின்னு சொன்னீங்களே," என்றேன்.

"ஆமா. அதைக் கொண்டாடத்தான் நிறுத்துறோம்."

ஓர் ஆட்டைக் கொண்டுவந்து லாரி முன்னால் அறுத்தார்கள். ரத்தத்தை முன் சக்கரத்தில் பூசினார்கள். கண் படக்கூடாது என்று எங்கள் பக்கம் செய்கிற சடங்குதான், குற்றம் சொல்ல முடியாது. அக்கரையிலிருந்து கால்நடை மருத்துவர் ஒருவர் ஒலிபெருக்கியில், "சக்கரத்துல ரத்தம் பட்ட வண்டி நோய்த்தடுப்பு விதிப்படி உள்ள வரக்கூடாது," என்று அறிவித்தார். ஆடு யாருடையது என்று விசாரித்தால், அவர் துறையே அன்பளிப்பாக அனுப்பிய ஆடு. ஐவாஸும் நானும் ஆற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு வந்து, வாத்தியம் வாசிக்க வாசிக்கச் சக்கரம் கழுவினோம்.

பாலத்தின் நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து பேரவையின் இக்கரைத் துணைத்தலைவர் ஜனாப் நிகுநாம் நடந்தார். அந்தப் பக்கத்திலிருந்து அக்கரைத் துணைத்தலைவர் ரஃபாயில் முஅல்லிம் நடந்தார். அக்கரையில் மரியாதைப்பட்ட மனிதர் எல்லாருமே முஅல்லிம்தான், பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காவிட்டாலும் வாத்தியார்தான். இருவரும் ரிப்பனுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். வெள்ளித்தட்டில் ஒரே ஒரு கத்திரிக்கோல்.

"வெட்டுங்க முஅல்லிம். நீங்க இருக்கும்போது நான் வெட்டினா நல்லாவா இருக்கும்?"

"உங்க முன்னாடி நான் கத்திரியைத் தொடறதா? என்னை வளத்தவங்க என்ன நினைப்பாங்க? நீங்க வெட்டுங்க."

"உங்க கால் தூசிக்கு நான் சமமா?"

"நான் உங்க கால் தூசியில ஒட்டின தூசி."

தூசி விஷயத்தில் இருவரும் வெகுநேரம் கீழே கீழே போய்க்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அராஸின் இரண்டு கரையிலும் இது ஒரு சீக்கு. வாசலில் போகிறவனை "சாப்பிட வாங்க" என்று கையைப் பிடித்து இழுப்போம். அவன் மூன்று தரம் மறுக்க வேண்டும். மறுக்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் வீட்டில் சட்டியில் ஒன்றும் இருக்காது. டாக்ஸிக்காரன் "காசு வேண்டாங்க, உங்களுக்கில்லாததா" என்பான். நிஜமாகவே கொடுக்காமல் இறங்கினால் சட்டையைப் பிடிப்பான். சொல்கிறவனும் நினைத்துச் சொல்வதில்லை, கேட்கிறவனும் நம்புவதில்லை, எல்லாருக்கும் திருப்தி. வீட்டு வாசலில் இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. பாலத்தின் நடுவில், அறுபது பெட்டி தேனீ வெயிலில் நிற்கும்போதுதான் வயிறு எரிகிறது.

பணிவு முற்றி, ஜனாப் நிகுநாம் மரியாதைக்கு ஓர் அடி பின்னால் வைத்தார். அவருக்குத் தான் குறைந்துவிடக் கூடாது என்று ரஃபாயில் முஅல்லிம் இரண்டு அடி பின்வாங்கினார். இவர் மூன்று. நடுப்பகலில் இரண்டு பேரும் அவரவர் கரைக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். நடுவில் ரிப்பன் தனியாகக் காற்றில் ஆடியது. கூட்டம் கை தட்டியது. ஜலால் ஸாஹிப் கூட்டறிக்கை வாசித்தார்: "ரிப்பன் நீங்கலாக, பாலம் திறந்து வைக்கப்பட்டது."

ஐவாஸ் பெட்டிகளில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். 

"பைராம், சத்தம் மாறுதுடா. உள்ள அழுவுதுங்க."

பாலத்துக் காவலாளியிடம் ஓடினோம். நல்ல பையன், ஆனால் சீருடைக்குள் இருந்தான்.

"திறந்தாச்சுன்னு வாசிச்சாங்களே, விடுப்பா," என்றேன்.

"ரிப்பன் இருக்கே அண்ணே."

"கொஞ்சம் அவிழ்த்துப் பிடி. நாங்க போனதும் கட்டிக்கோ."

"வெட்டினாத்தான் திறப்பு விழா. அவிழ்த்தா அது திருட்டு. என் வேலை போயிடும்."

வேறு வழியில்லாமல் ஆற்றங்கரையிலேயே பெட்டிகளை இறக்கி வாயைத் திறந்துவிட்டோம். தேனீக்கள் புகை மாதிரி வெளியே வந்து சுற்றின. ஐவாஸ் சட்டையெல்லாம் வேர்வையோடு தரையில் உட்கார்ந்து, "மன்னிச்சுக்குங்கம்மா, மன்னிச்சுக்குங்க," என்று அவற்றிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அவை தாமாகவே ஆற்றைத் தாண்டின. அக்கரையில் தண்ணீரோரம் அதிமதுரச் செடி கொஞ்சம் பூத்திருந்தது. அறுபது பெட்டிக்கு அது எம்மாத்திரம், யானைப் பசிக்குச் சோளப்பொரி. பள்ளத்தாக்கு வரைக்கும் பறக்க அவற்றுக்குத் தெம்பு கிடையாது. ஆனாலும் அரைவயிறு கால்வயிறாக உயிர் ஓடியது. மீதிக்கு நாங்கள் பாகு ஊற்றினோம். கரையில் கூடாரம் போட்டு, லவாஷ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டு, யாராவது வந்து ரிப்பனை வெட்டமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். மலைமேல் பூ வாடிக்கொண்டிருந்தது.

ரிப்பனை வெட்ட யாரும் வரவில்லை. தேனீயை விசாரிக்கக் கூட்டுச் சுங்கக் குழு வந்தது. தலைமை, நம் ஜலால் ஸாஹிப்தான். பேரவையில் ஆள் குறைவு, பதவி அதிகம்.

"இந்தப் பூச்சிங்க அக்கரையிலேர்ந்து என்ன கொண்டு வருது?"

"பூவோட தேன் ஐயா."

"மூலப்பொருள் இறக்குமதி. முன்கூட்டியே அறிவிச்சீங்களா?"

"அதுங்ககிட்ட நான் எப்படிங்க அறிவிக்கச் சொல்றது?"

"அக்கரைக் குழு இதை ஏற்றுமதின்னு சொல்லுது. நாம இறக்குமதின்னு சொல்றோம். கருத்து வேறுபாடு வந்துடுச்சு. இதுக்கு ஒரு மாநாடு தேவைப்படும்." சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது. "சரி, நிர்வாக இயக்குநர் யாரு?"

ஐவாஸ் யோசித்தான். "பெட்டிக்கு ஒரு ராணி இருக்குங்க."

ஜலால் ஸாஹிப் பேனாவை நிறுத்தினார். "குடியரசு நாடுகள் வருத்தப்படும். மன்னராட்சி நாடுகளும் பேரவையில இருக்கு, மாத்தினா அவங்க வருத்தப்படுவாங்க. 'பரம்பரைத் தலைமை'ன்னு போட்டுடலாம். மொத்தம் எத்தனை பூச்சி?"

"பெட்டிக்கு இருபத்தஞ்சாயிரம் இருக்கும்."

"ஒண்ணு ஒரு நாளைக்கு எத்தனை தடவை எல்லை தாண்டும்?"

"நல்லா இருந்தா போக வரப் பத்துத் தடவை தாண்டும்."

அவர் கைபேசியில் பெருக்கினார். ஒரு தரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பெருக்கினார். பிறகு என் மச்சானைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

"ஒன்றரைக் கோடி. ஒரு நாளைக்கு ஒன்றரைக் கோடி எல்லை கடப்பு. இது உலகத்திலேயே சுறுசுறுப்பான எல்லை ஐயா. எல்லாம் தனியார். ஒருத்தருக்கும் விசா பிரச்சினை இல்லை. இருபத்திரண்டு வருஷ உழைப்பு வீண் போகல."

"ஐயா, லாரி எப்ப போகும்?" என்றான் ஐவாஸ்.

"லாரியா?" என்று யோசித்தார் அவர். "இந்தப் போக்குவரத்துக்கு நடுவுல லாரியை விட்டா நெரிசலாகுமே."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைத் தூக்கி ஆற்றில் போட்டிருப்பேன். போட்டால் அதையும் ஓர் எல்லை கடப்பு என்று எழுதிக்கொள்வார் என்பதால் சும்மா இருந்தேன்.

சுறுசுறுப்பான எல்லையைப் பார்க்கப் பத்தொன்பது நாட்டுப் பிரதிநிதிகளும், முதலீட்டு விருந்தினர்களும், தொலைக்காட்சிக்காரர்களும் வருவதாக முடிவாயிற்று. பாலத்துக்கு இரண்டாம் திறப்பு விழா, மூன்று நாள் கொண்டாட்டம். பந்தல் பெரிதாயிற்று. அப்பாடா, இந்தத் தடவையாவது ரிப்பன் போகும் என்று ஐவாஸ் சந்தோஷமாகச் சட்டை துவைத்துப் போட்டான். விழாவுக்கு முந்தின சாயங்காலம் ஜலால் ஸாஹிப் ஒரு காகிதத்தோடு வந்தார். விருந்தினர் பாதுகாப்புக்காக மூன்று நாளும் பெட்டிகளை மூடி, லாரியில் ஏற்றி, மேடைக்கு எதிரில் காட்சிக்கு நிறுத்த வேண்டுமாம். எஞ்சின் ஓடக் கூடாது, பேச்சுக்கு இடைஞ்சல்.

"அவங்க பாக்க வர்றதே இந்தத் தேனீயைத்தானே ஐயா," என்றேன்.

"அதனாலதான் பத்திரமா மூடி வைக்கச் சொல்றோம்."

ஐவாஸ் பெட்டிகளைக் காட்டினான். "மூணு நாள் இந்த வெயில்ல மூடினா எல்லாம் செத்துடுங்க ஐயா. ஒண்ணு மிஞ்சாது."

ஜலால் ஸாஹிப் அவன் தோளில் கை வைத்தார். உண்மையிலேயே ஆறுதல் சொல்லத்தான் வைத்தார், அதுதான் கொடுமை. "கவலைப்படாதீங்க. எண்ணிக்கை ஏற்கெனவே பதிவாயிடுச்சு. அது சாகாது."

மரால் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னேன். ஐவாஸைத் திட்டுவாள் என்று பார்த்தால் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே, உனக்கு லாரி ஓட்டத் தெரியுமா, நிறுத்தி வச்சுக் காவல் காக்க மட்டும்தான் தெரியுமா?"

"துப்பாக்கி வச்சுக்கிட்டு நிக்கிறாங்க மரால். யாராவது பெரிய மனுஷன் போன்னு சொன்னாத்தான் போக முடியும்."

"அப்ப யாராவது சொல்ற மாதிரி நில்லு," என்று வைத்துவிட்டாள்.

விழா அன்று காலை பத்து மணிக்கே வெயில் சுட்டது. எஞ்சினை அணைத்து மேடைக்கு எதிரில் லாரி நின்றது. நானும் ஐவாஸும் முன்னால் உட்கார்ந்திருந்தோம். முதுகுக்குப் பின்னால் பெட்டிகள் இரைந்தன. மேடையில் ஜலால் ஸாஹிப் ஒன்றரைக் கோடியை எட்டு தரம் சொன்னார். எட்டு தரமும் கை தட்டினார்கள். பிறகு துணைத்தலைவர்கள் இருவரும் பாலத்தின் நடுவுக்குப் போனார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் லாரியும் படத்தில் விழ வேண்டும் என்று கேட்டதால், எங்களை எஞ்சின் போட்டு ரிப்பனுக்குப் பத்தடி கிட்டே கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்கள்.

"இன்னைக்காவது என்னைக் கௌரவப்படுத்துங்க முஅல்லிம். வெட்டுங்க."

"உங்க நிழல்ல நிக்கிறதே எனக்குக் கௌரவம். நீங்க வெட்டுங்க."

"நான் யாரு?"

"நான் மட்டும் யாரு?"

மறுபடியும் தூசிக்கு இறங்கினார்கள். கேமராக்கள் இருந்ததால் இந்தத் தடவை தூசிக்கும் கீழே போக வேண்டியிருந்தது. ஜனாப் நிகுநாமுக்குத்தான் அந்த யோசனை வந்தது. நெஞ்சில் கை வைத்து எங்கள் லாரி பக்கம் திரும்பினார்.

"நாம ரெண்டு பேருமே யாரு? மக்களுக்குச் சேவகர்கள். இந்தப் பாலம் உழைக்கிறவங்களோடது. ஐயா தேனீக்காரரே, வாங்க. நீங்க முதல்ல போங்க."

கூட்டம் உருகிப்போயிற்று. ரஃபாயில் முஅல்லிம் விடுவாரா? "ஆமா ஆமா. நாங்க பின்னால வர்றோம். என் தலைமேல வண்டியை ஏத்திட்டுப் போங்க," என்று அவரும் கையை நீட்டினார்.

ஐவாஸ் நல்ல வளர்ப்பு. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஐயையோ, நீங்க இருக்கும்போது நாங்களா? வேண்டாங்க," என்றான். எல்லாரும் மெச்சித் தலையாட்டினார்கள்.

"இல்லவே இல்ல. நீங்கதான் முதல்ல."

"உங்க பார்வை பட்டதே போதுங்க," என்றான். 

"ஆண்டவன் மேல ஆணையாச் சொல்றேன், நீங்க போகாம நாங்க ஒரு அடி எடுத்து வைக்கமாட்டோம்," என்றார் ஜனாப் நிகுநாம், கேமராவைப் பார்த்து.

மூன்றாவது தரமும் ஐவாஸ் மறுக்க வேண்டும். கண்ணில் நீரோடு மறுக்க வேண்டும். அவர்கள் பெருமூச்சு விட்டு, ஏழைகளின் பணிவைப் புகழ்ந்து, பழையபடி நீங்க முதல்ல, நீங்க முதல்ல என்று ஆரம்பிப்பார்கள். பிறந்ததிலிருந்து இப்படித்தான் நடந்திருக்கிறது. ஐவாஸ் வாயைத் திறந்தான். பின்னால் இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது எனக்கே கேட்டது. அவன் வாயை மூடிக்கொண்டான். என் பக்கம் திரும்பினான்.

"பைராம், போகச் சொல்றாங்கல்ல. போயேன்."

நான் கியரைப் போட்டேன்.

லாரி மெதுவாகத்தான் நகர்ந்தது. ரிப்பன் முன்கண்ணாடியில் பட்டு, நீண்டு, நீண்டு, பட்டென்று அறுந்தது. துணைத்தலைவர்கள் இருவரும் நீட்டிய கையை மடக்கவில்லை. எப்படி மடக்குவார்கள்? வா என்று கூப்பிட்ட கையை விருந்தாளி வரும்போது மடக்கினால் எவ்வளவு கேவலம். "வாங்க, வாங்க," என்று இரண்டு வாயும் சொல்லிக்கொண்டிருந்தன. நாலு கண்ணும் என்னைக் கொன்றுகொண்டிருந்தன. காவலாளி என்ன செய்வதென்று தெரியாமல் சல்யூட் அடித்தான். ஐவாஸ் ஜன்னல் வழியே இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டு, "மன்னிக்கணுங்க, உங்களுக்கு முதுகைக் காட்டிட்டுப் போறோம்," என்றான். அவன் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கூச்சப்பட்டான்.

அக்கரை வாசலில் ஒருவன் கையைக் காட்டி மறித்தான். அவர்கள் மொழியும் எங்கள் மொழியும் ஒன்றுதான்.

"யார் விட்டது?"

"முஅல்லிம் தன் தலைமேல ஏத்திட்டுப் போகச் சொன்னார். பாவம்னு பக்கத்துல ஓட்டிட்டு வந்தேன்," என்றேன்.

அவன் தூரத்தில் ரஃபாயில் முஅல்லிமைப் பார்த்தான். கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக் கம்பைத் தூக்கிவிட்டான்.

பள்ளத்தாக்கில் பூ பாதி முடிந்திருந்தது. மீதிப் பாதி போதும். பெட்டிகளை இறக்கி வாயைத் திறந்தோம். முதலில் ஒன்றிரண்டு தள்ளாடி வெளியே வந்தன. பிறகு கொட்டியது போல் வந்தன. நாலு பெட்டியிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. ஐவாஸ் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். மற்ற ஐம்பத்தாறு பெட்டித் தேனீக்களும் அவன் தலைக்கு மேல் போய்வந்துகொண்டிருந்தன. எனக்கு வந்தது அழுகையா, சிரிப்பா என்று தெரியவில்லை, இரண்டும்தான்.

பூ முடிந்ததும் தேனோடு பழைய எல்லை வழியாகச் சுற்றிக்கொண்டு ஊர் திரும்பினோம். அங்கே எங்களை யாரும் சகோதரர் என்று கூப்பிடவில்லை, ஆடு அறுக்கவில்லை, மேடை போடவில்லை. அதனால் அன்றைக்கே விட்டுவிட்டார்கள்.

இலையுதிர்காலத்தில் பேரவையின் ஆண்டு அறிக்கை வந்தது. தனியார் துறைப் பங்காளிக்கு ஒரு பிரதி, பளபளவென்று கெட்டி அட்டையில். மரால் அதை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் இருவருக்கும் வாசித்தாள். எல்லை கடப்பில் பேரவை உலகத்திலேயே முதலிடம். ரிப்பன் அன்றே மறுபடி கட்டப்பட்டுவிட்டது, அதை யார் வெட்டுவது என்பது பற்றி மாண்புமிகு துணைத்தலைவர்களிடையே ஆரோக்கியமான பேச்சுவார்த்தை தொடர்கிறது. கடைசிப் பக்கத்தில், இடையூறுகள் என்ற தலைப்பின் கீழ், ஒரே வரி இருந்தது. அதை வாசிக்கும்போது மராலுக்கே சிரிப்பு அடங்கவில்லை. இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருந்தது.

"தடையிலா வழித்தடத்தில் இவ்வாண்டு ஏற்பட்ட ஒரே இடையூறு: ஒரு லாரி பாலத்தைக் கடந்து சென்றது. இனி நிகழாதவாறு நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது."